38.2-இலிருந்து 9.1-க்கு: ஒரு தாவ்லாப் பலகையின் கணக்கு

தாவ்லா என்கிற பேக்கமன் பகடை ஆட்டத்தில் நான் எவ்வளவு தப்பாக ஆடுகிறேன் என்று ஒரு கணினி நிரல் தரும் பிழை எண், மூன்று மாதம் தொடர்ந்து பத்துக்குக் கீழே நின்றால் எழுதுவது, இல்லையென்றால் மூச்சு விடுவதில்லை என்று வைத்திருந்தேன். ஜூலையில் 9.6, ஆகஸ்டில் 9.9, செப்டம்பரில் 9.1. ஆகஸ்டில் மயிரிழையில் தப்பியது. போன டிசம்பரில் இதே எண் 38.2.

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் கடை அலங்கார மரவேலை செய்யும் ஒரு தொழிற்சாலையில் அளவெடுத்து விலை போடுவது என் வேலை. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை இங்கே மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிவரை வெளிவேலை கூடாது என்பது சட்டம். அந்த நேரத்தில் சைட்டுக்குப் போகிற ஆட்களெல்லாம் கொட்டகைக்குள் ஒதுங்குவார்கள். மரப்பிரிவு ஃபோர்மேன் அலெப்போக்காரர், அறுபதைத் தாண்டியவர். எல்லோருக்கும் அவர் 'அம்மோ'. அரபியில் சித்தப்பா பெரியப்பா முறை. சிப்பி பதித்த ஒரு பழைய பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, வருகிறவனை எல்லாம் தோற்கடிப்பார். பேக்கமன் என்று நான் படித்திருந்ததை அவர் தாவ்லா என்றார். தோற்றவன் ஒரு திர்ஹம் டீ வாங்கித் தர வேண்டும்.

எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. ஆச்சியோடு பித்தளைத் தாயக்கட்டை உருட்டி வளர்ந்தவன். காயை வெட்டுவது, வெட்டுப்பட்ட காய் மறுபடி இறங்குவது, கடைசியில் பழமாவது எல்லாம் அங்கேயே பழகியதுதான். அதனால் இந்தப் பதிவிலும் அந்தச் சொற்களையே வைத்துக்கொள்கிறேன். பலகையில் இருக்கும் 24 முக்கோணங்களை அம்மோ 'கானா' என்பார், பாரசீகத்தில் வீடு. ஒரு முக்கோணத்தில் நம் காய் இரண்டு உட்கார்ந்தால் வீடு கட்டியாயிற்று, எதிரி அங்கே இறங்க முடியாது. ஒற்றையாக நின்றால் தனிக்காய், வெட்டுப்படும். கடைசி ஆறு வீடுகளை நான் வளவு என்பேன். ஒரே மதிலுக்குள் வரிசையாக நிற்கும் வீடுகளுக்குத் திருநெல்வேலிப் பக்கம் சொல்கிற பேர்தான்.

அந்த முதல் கோடையில் அம்மோவோடு 61 ஆட்டம். ஜெயித்தது 14. 6-5 விழுந்தால் 'ஷேஷ் பேஷ்', இரண்டு ஆறு விழுந்தால் 'தோஷ்' என்று அவர் பலகை அதிரக் கத்துவார். தோஷ் எப்போதும் அவருக்கே விழுவதாகத் தோன்றியது. ஒருநாள் அவருடைய பகடை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, அறையில் 600 தடவை உருட்டிக் கோடு போட்டேன். ஒன்று 104, இரண்டு 97, மூன்று 92, நான்கு 109, ஐந்து 95, ஆறு 103. முகத்துக்கு நூறு வரவேண்டிய இடத்தில் ஒன்பது, பத்து கூடுவதும் குறைவதும் சகஜம். பகடை சுத்தம். ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க இதற்கே போயிற்று. அறைத் தம்பி தென்காசிக்காரன், கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தவன், "அண்ணே, பகடையக் குத்தம் சொல்லுததுக்கு முன்ன ஆட்டத்தப் படிச்சிருக்கலாம்லா" என்றான்.

படித்தேன். 1976-இல் பால் மேக்ரீல் எழுதிய 'பேக்கமன்', 95 திர்ஹம். கணித ஆசிரியராக இருந்தவர், எழுத்தும் அப்படித்தான். ஒவ்வொன்றையும் அடி அடியாக விளக்குகிறார். நான் அதை நாவல் மாதிரிப் படித்தேன். இரவு பதினோரு மணிக்குக் கட்டிலில் சாய்ந்து, படங்களைக் கண்ணால் மேய்ந்து, "ஆமா, சரிதான்" என்று தலையாட்டி முடித்தேன். இரண்டு மாதம் அப்படி ஓடிற்று. பலகையில் ஒரு காயைக்கூட வைத்துப் பார்க்கவில்லை.

அதோடு இன்னொரு பைத்தியம். முதல் உருட்டுக்கு எந்தக் காய் என்று 15 சேர்க்கைக்கும் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். காய் வெளியேறும் பக்கத்திலிருந்து வீடுகளை 1, 2 என்று எண்ணினால், 3-1 விழுந்தால் 8-இலிருந்தும் 6-இலிருந்தும் ஐந்தாம் வீட்டைக் கட்டு, 6-1 விழுந்தால் ஏழாம் வீட்டைக் கட்டு, இப்படி. மூன்று மாதம் மனப்பாடம். இதில் இன்னொரு வழுக்கலும் உண்டு. 2-1, 4-1, 5-1 விழுந்தால் அந்த ஒன்றை வைத்து 6-இலிருந்து 5-க்கு ஒரு தனிக்காயைத் துணிந்து இறக்குவது எழுபதுகளின் வழக்கம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் ஜெரால்டு டெசாரோ செய்த டிடி-கேமன் என்ற நிரல், தனக்குத்தானே லட்சக்கணக்கான ஆட்டம் ஆடிக் கற்று, அந்த ஒன்றைப் பின்னால் கிடக்கும் காய்க்குச் செலவிடுவதே மேல் என்று காட்டியது. அதாவது 24-இலிருந்து 23-க்கு. பெரிய ஆட்டக்காரர்களே பழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள். 4-1-க்கும் 5-1-க்கும் இன்று அதுதான் வழக்கம். 2-1-க்கு மட்டும் பழைய இறக்கம் இன்னும் தாக்குப்பிடிக்கிறது. நான் 1976-ஐ மனப்பாடம் செய்து முடித்த பிறகுதான் இது தெரிந்தது.

நவம்பரில் பலகை செய்தேன். மேக்ரீலை மறுபடி படிப்பதானால் கையில் காய் வேண்டும் என்று அதற்குள் புத்தி வந்திருந்தது. 12 மி.மீ. எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) துண்டுகளும் பீச், சப்பேலி மரத் துண்டுகளும் கழிவுத் தொட்டியில் கிடந்தன. அம்மோவிடம் கேட்டுக்கொண்டுதான் எடுத்தேன்.

கணக்கைக் காயிலிருந்து தொடங்க வேண்டும். காய் 38 மி.மீ. விட்டம் என்றால் வீட்டின் அகலம் 40. ஒரு பக்கத்தில் ஆறு வீடு, 240. வெட்டுப்பட்ட காய் காத்திருக்கும் நடுக்கட்டை 40. ஆக உள் அகலம் 520. உயரத்துக்கு, மேலிருந்து ஐந்து காய், கீழிருந்து ஐந்து காய், 380, நடுவில் பகடை உருள 70, மொத்தம் 450. இதுவரை சரி. காய் வெட்ட 38 மி.மீ. ஹோல் சா, அதாவது வட்டத் துளை அறுக்கும் ரம்பம், வாங்கினேன், 19 திர்ஹம். முதல் காயைக் கையில் எடுத்துக் காலிப்பரை வைத்தால் 32. ஹோல் சாவின் அளவு துளையின் அளவு. உள்ளே விழும் வில்லை, பல்லின் தடிமன் இரண்டு பக்கமும் போக மிஞ்சுவது. மரத்தொழிற்சாலையில் எட்டு வருடம் விலை போடுகிறவன் இதைத் தெரிந்திருக்க வேண்டும். அம்மோ சிரிக்கவில்லை. "நீ ஓட்டைக்கு விலை போட்டுப் பழகியவன், வில்லைக்கு இல்லை" என்று மட்டும் சொன்னார். மறுநாள் 44 மி.மீ. வாங்கினேன், 22 திர்ஹம். அது 38 மி.மீ. வில்லை தந்தது.

வில்லையின் நடுவில் ஹோல் சாவின் நடு ஊசி போட்ட பைலட் துளை 6 மி.மீ. நிற்கும். அதில் 6 மி.மீ. உருண்டை மரக்குச்சியைப் பசை தடவிச் செருகி, காய்ந்ததும் அறுத்து, 120, பிறகு 240 உப்புத்தாளில் தேய்த்தேன். சப்பேலிக் காயின் நடுவில் பீச் பொட்டு தெரிகிறது. பார்க்க லட்சணமாகவே இருக்கிறது. காய் தடிமன் 10 மி.மீ. முப்பது காய்க்கு நாற்பது வெட்டினேன், ஒன்பது ஓரம் சிதறியது, ஒன்று மிச்சம். முக்கோணங்களை வெனீர் துண்டில் வெட்டி ஒட்டியதால் பெயின்ட் வேலை இல்லை. கீல் வைத்ததுதான் சொதப்பல். மேலோட்டமாகத் திருகியதால் அதன் குமிழ் 3 மி.மீ. துருத்திக்கொண்டு, நடுக்கட்டையில் வைக்கும் காய் ஆடுகிறது. அடுத்த பலகையில் கீலுக்குப் பள்ளம் எடுத்துத்தான் பதிப்பேன். பகடைக் குவளைக்குப் பழைய பிவிசி குழாயில் இரண்டு துண்டு, உள்ளே ஃபெல்ட். அம்மோ குவளையைத் தொடவே மாட்டார், கையால்தான் வீசுவார்.

டிசம்பரில் பழைய லேப்டாப்பில் ஜிஎன்யு பேக்கமன் ஏற்றினேன். இலவசம். ஆடி முடித்த ஆட்டத்தை அலசச் சொன்னால், ஒவ்வொரு நகர்த்தலிலும் சிறந்ததைவிட எவ்வளவு புள்ளி இழந்தோம் என்று காட்டும். ஒரு முடிவுக்கான சராசரி இழப்பை ஆயிரத்தால் பெருக்கினால் வருவதே நான் பிழை எண் என்று சொல்வது. முதல் இருபது ஆட்டத்துக்கு 38.2. பக்கத்தில் நிரலே ஒரு பட்டமும் தந்தது. 'படுமோசம்!' ஆச்சரியக்குறி அதனுடையது. புத்தகம் படித்து முடித்தவனுக்கு, அட்டவணை மனப்பாடம் செய்தவனுக்கு, இந்தப் பட்டம்.

அதிர்ஷ்டத்தையும் அது அளக்கும். பகடை என்னைக் கொன்றுவிட்டது என்று நான் எழுந்துபோன ஒரு ஆட்டத்தில், உருட்டுகளில் அதிர்ஷ்டம் என் பக்கமே என்றும், உடனே லாஸ் வேகாஸுக்குக் கிளம்பு என்றும் எழுதிக் காட்டியது. அன்றோடு பகடையைத் திட்டுவதை நிறுத்தினேன் என்று சொல்ல ஆசை. குறைத்துக்கொண்டேன்.

ஜனவரி எண் 22. துள்ளிக் குதித்தேன். பொய் எண் அது. திரையில் ஆலோசனை கேட்க ஒரு பொத்தான் உண்டு; சந்தேகம் வரும்போதெல்லாம் அதை அழுத்தியிருக்கிறேன். விடைத்தாளைப் பார்த்து எழுதிய மதிப்பெண். பிப்ரவரியில் அந்தப் பக்கமே போவதில்லை என்று ஆடினேன்: 33.7.

அந்த மாதம்தான் உருப்படியாக ஒன்று செய்தேன். நாற்பது ஆட்டத்தை எடுத்து, 0.08-க்கு மேல் இழந்த முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வகை பிரித்தேன். மொத்தம் 212. பயந்து காயை அடுக்கியது 97. ஆட்டத்தின் மதிப்பை ஏற்றும் இரட்டிப்புக் கட்டையில் தப்பு 58. யார் முந்தி என்று ஓட்டக் கணக்குப் போடாமல் பின்காயை அவசரப்பட்டு எழுப்பியது, அல்லது எழுப்பாமல் விட்டது 48. திறப்பில், அதாவது முதல் உருட்டில் 9. மூன்று மாதம் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்தது அந்த 9-க்காக.

97-ஐ முதலில் பிடித்தேன். எனக்கிருந்த நம்பிக்கை: எதிரிக்குப் பக்கத்தில் நிற்கும் தனிக்காய்க்குத்தான் ஆபத்து அதிகம். பகடைச் சேர்க்கை 36-ஐயும் தாளில் எழுதி எண்ணிப் பார்த்தேன். ஒரு கட்டம் தள்ளி நின்றால் வெட்டும் சேர்க்கை 11. இரண்டுக்கு 12, மூன்றுக்கு 14, நான்குக்கும் ஐந்துக்கும் 15, ஆறு தள்ளி நின்றால் 17. ஏழுக்குப் போனால் சட்டென்று 6. நடுவில் வீடு கட்டி மறிக்காத கணக்கு இது. ஆக, ஆறுக்குள்ளே நிற்பதானால் ஒட்டி நிற்க வேண்டும், இல்லையென்றால் ஏழிலோ அதைத் தாண்டியோ நிற்க வேண்டும். நான் பதறி ஓடி ஓடி ஐந்திலும் ஆறிலும் போய் நின்றிருக்கிறேன்.

பிறகு மேக்ரீலை இரண்டாம் முறை, இந்தத் தடவை பலகையில் காய் வைத்து. பத்திரமா, துணிவா என்பதற்கு அவர் சொல்லும் அளவுகோல்களை மூன்று வரியாக்கிக் குவளையின் வெளியே ஒட்டினேன்: எதிரியின் வளவில் வீடுகள் பலமாக இருந்தால் பத்திரம். எதிரி வளவில் எனக்கென்று ஒரு வீடு இருந்தால் துணி. அவன் காய்கள் பல என் பக்கம் பின்தங்கிக் கிடந்தால் துணி. இரண்டாவது வரிதான் எனக்கு மருந்து. அங்கே ஒரு வீடு இருந்தால், வெட்டுப்பட்டாலும் இறங்க இடம் உண்டு. எதிரி ஐந்து வீடு கட்டிவிட்டால் 36-இல் 11 சேர்க்கையில்தான் இறங்கலாம். நான்கு என்றால் 20. வெட்டுப்படுவதைவிட இறங்க இடமில்லாமல் நிற்பதே கேடு என்பது புத்தகத்தில் இருந்தது, நானும் படித்திருந்தேன், தலையாட்டியும் இருந்தேன்.

மார்ச்சில் பில் ராபர்ட்டியின் 501 கணக்குகள் கொண்ட புத்தகம், 110 திர்ஹம். மான்டி கார்லோவில் 1983, 1987 இரண்டு முறை உலகப் பட்டம் வென்றவர். இதை நாவலாகப் படிக்க முடியாதபடி ஒரு ஏற்பாடு செய்தேன். விடையை அட்டையால் மூடி, நிலையைப் பலகையில் அடுக்கி, ஒரு நிமிடம் யோசித்து, என் நகர்த்தலைப் பேனாவால் எழுதிய பிறகே அட்டையை எடுப்பது. பென்சில் கூடாது, அழிக்கக் கை வரும். நாளுக்குப் பத்து, ஐம்பது நாள். முதல் சுற்றில் சரியானது 231. தப்பியவற்றை மட்டும் அட்டையில் எழுதித் தம்பியிடம் கொடுத்தேன், சாப்பிடும்போது ஒவ்வொன்றாக நீட்டுவான். இரண்டாம் சுற்றில் மொத்தம் சரியானது 388. ஒரு இரவு ஊரிலிருந்து அம்மா அலைபேசியில் இருக்கும்போது அவன் கணக்கைக் கேட்டுத் தொலைத்தான். "என்னல, அங்க போயி சூதாடுதியா?" என்றாள். ஒரு திர்ஹம் டீ என்று சொல்லியும் நம்பவில்லை.

ஓட்டக் கணக்கைப் பழகியது தொழிற்சாலை பஸ்ஸில். எல்லாக் காயும் பழமாக இன்னும் எத்தனை கட்டம் போகவேண்டும் என்று கூட்டுவது. தொடக்கத்தில் ஆளுக்கு 167. இரண்டு பக்கமும் எண்ண முதலில் 95 நொடி பிடித்தது, இப்போது 30. ஒரு உருட்டின் சராசரி 8-க்குக் கொஞ்சம் மேல் என்பதால், எட்டு கட்டம் முந்தியிருந்தால் ஒரு உருட்டு கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வேன்.

இரட்டிப்புக் கட்டைதான் கடைசி வரை படுத்தியது. 2, 4, 8 என்று 64 வரை எழுதிய பெரிய பகடை. 1920-களில் நியூயார்க்கில் வந்து சேர்ந்தது. ஆட்டத்தின் மதிப்பை இரட்டிப்பாக்கு என்று நீட்டலாம். மற்றவர் ஏற்க வேண்டும், அல்லது அப்போதே தோற்றுக் கொடுக்க வேண்டும். நாலில் ஒன்று ஜெயிக்க வாய்ப்பிருந்தால் ஏற்க வேண்டும். நான்கு ஆட்டத்திலும் ஒதுங்கினால் 4 புள்ளி நஷ்டம். ஏற்று மூன்றில் தோற்று ஒன்றில் ஜெயித்தாலும் 6 போய் 2 வந்து அதே 4. மார்ஸ் விழும் ஆபத்து, அதாவது ஒரு காயும் பழமாகாமல் தோற்று இரட்டை நஷ்டம் படுவது, இல்லாதபோது இந்தக் கணக்கு. நான் முப்பது சதவீதத்திலும் ஒதுங்கியிருக்கிறேன். அதே நான், முந்தியிருக்கும்போது நீட்டவும் மாட்டேன். குறிப்பேட்டில் ஒரு நிலை: எனக்கு 82 கட்டம் பாக்கி, எதிரிக்கு 90, இனி வெட்டு இல்லாத நேர் ஓட்டம். என் எண்ணில் எட்டு சதவீதம் முந்தினால் நீட்டு, பன்னிரண்டுவரை எதிரி ஏற்கலாம் என்பது எளிய விதி. 82-இல் எட்டு சதவீதம் ஆறரை. 88.5 தாண்டியாயிற்று, நீட்ட வேண்டும், 91.8-க்குள் இருப்பதால் எதிரி ஏற்க வேண்டும். நான் நீட்டவில்லை. "இன்னும் ஒரு உருட்டு பார்ப்போம்" என்று பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பேக்கமன் ஆட்டக்காரர் கிட் வூல்சியின் ஒரு விதி இதற்கு உதவியது: எதிரி ஏற்க வேண்டுமா ஒதுங்க வேண்டுமா என்று நமக்கே உறுதியாகத் தெரியவில்லை என்றால், நீட்டுவதுதான் சரி.

ஏப்ரல் 21, மே 15.5, ஜூன் 12. கோடை வந்து அம்மோவோடு மறுபடி உட்கார்ந்தேன். ஆட்டத்தைத் தாளில் குறிக்கப் பார்த்தேன். நான் பேனாவை எடுப்பதற்குள் அவர் காயை நகர்த்திப் பகடையை வீசிவிடுவார். அலுமினிய விளிம்புத் துண்டை வளைத்து 14 திர்ஹம் கிளிப்பில் கைபேசியை மேலே தொங்கவிட்டுப் படம் எடுத்தேன், அவர் அனுமதியோடு. பத்து நிமிட ஆட்டத்தை நிரலில் ஏற்ற நாற்பது நிமிடம் ஆகும். அப்படிப் பன்னிரண்டு ஆட்டம். அம்மோவின் எண் 11.8. ஒரு புத்தகமும் படிக்காதவர், எண்ணிப் பார்க்காதவர், உதட்டைக் கூட அசைக்காதவர். அதே பன்னிரண்டில் என் எண் 14.4, அறையில் தனியாக ஆடும்போது வருவதைவிட அதிகம். அவர் வேகத்துக்கு நானும் வேகமாக ஆடியதுதான் காரணம். அதன் பிறகு ஒவ்வொரு உருட்டுக்கும் கையைத் தொடையில் வைத்து மூன்று எண்ணிவிட்டே காயைத் தொடுகிறேன். "தூங்கிட்டியா?" என்பார்.

இந்தக் கோடை 58 ஆட்டம், ஜெயித்தது 27. போன வருடத்து 14-ஐப் பார்க்க நல்ல முன்னேற்றம்தான். 58 ஆட்டத்தில் பகடை எந்தப் பக்கமும் ஐந்தாறு ஆட்டத்தைத் தள்ளிவிடும் என்பதால் இதைப் பெரிதாக எடுக்கவில்லை.

செலவு: ஹோல் சா இரண்டு 41, ஃபெல்ட் 15, கீல் 12, பகடை 8, புத்தகம் இரண்டு 205, அட்டை 9, கிளிப் 14. மொத்தம் 304 திர்ஹம், நம்மூர்க் காசில் சுமார் 7,000. மறுபடி தொடங்கினால் நிரலை முதல் நாளே ஏற்றி, இருபது ஆட்டம் ஆடி, எங்கே ஓட்டை என்று பார்த்த பிறகே புத்தகம் வாங்குவேன். திறப்பு அட்டவணைக்கு ஒரு வாரம் போதும்.

செப்டம்பர் 14, மதிய ஓய்வின் கடைசிக்கு முந்திய நாள். அம்மோவின் தாவ்லாவில் இரட்டிப்புக் கட்டை கிடையாது. என்னுடையதைக் கையில் எடுத்துப் பார்த்து, எப்படி என்று கேட்டார், சொன்னேன். ஒரே ஒரு ஆட்டம் என்றார். பாதியில், என் காய் ஒன்று நடுக்கட்டையில் கிடக்கும்போது, 2 என்ற முகத்தை மேலே வைத்து என் பக்கம் தள்ளினார். தொடையில் கைவைத்து மூன்று எண்ணினேன். ஒதுங்கினேன். டீ வாங்கிக் கொடுத்தேன். இரவு நிரலில் ஏற்றிப் பார்த்து எழுதியது: கட்டை, ஏற்றிருக்க வேண்டும், இழப்பு 0.21.